குண்டுமேட்டில் அடித்த கெட்டி மேளம்

தவில் உமாபதி அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாகத் தாளம் போடுகிறேன். என் பெயர் குஞ்சிதபாதம். அண்ணன் வாசிப்பில் ஒரு சொல் பிசகி நான் கேட்டதில்லை. அவர் பேச்சில் ஒரு சொல் நிஜமாக இருந்தும் கேட்டதில்லை. போன வருஷம் எங்கள் பக்கம் நல்ல மழை. அது தன் வாசிப்பால் பெய்தது என்று வானிலை ஆபீசுக்கே கடிதம் போட்டவர். பதில் வரவில்லை. பொறாமை என்றார்.

அப்பேர்ப்பட்டவர் ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தத்தன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நானூறு கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிசகினார்.

கல்யாணம் நடந்தது குண்டுமேட்டில், ஓட்டல் ரணவீரா இன்டர்நேஷனலில். அந்த மேடு முழுக்க ஒரு காலத்தில் போர்க்களம். யார் யாருக்குள் சண்டை என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. நவாப் என்பார்கள், பாளையக்காரர் என்பார்கள். ஓட்டல் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் துருப்பிடித்த இரும்பு உருண்டை ஒன்று இருக்கிறது. மேனேஜர் அதைப் பீரங்கிக் குண்டு என்கிறார். எதிர்ப்பக்கம் டயர்க் கடை வைத்திருப்பவர், அது மூடிப்போன ரைஸ் மில்லின் எடைக்கல் என்கிறார். ஓட்டலில் பகல் வேளையில் என்னென்னவோ சத்தம் கேட்பதாக அறை துடைக்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். மேனேஜர் வந்தால் நிறுத்திவிடுவார்கள்.

நடந்தது இதுதான். தாலியைத் தேங்காய்மேல் வைத்து, தட்டோடு கூட்டத்தில் ஆசீர்வாதத்துக்குச் சுற்ற அனுப்பியிருந்தார் ஐயர். அட்சதை அதற்கு முன்பே எல்லார் கைக்கும் போயிருந்தது. தட்டு அஞ்சாவது வரிசையில் ஒரு பெரியவர் கைக்குப் போன நேரம், அண்ணன் திடீரென்று கெட்டி மேளம் அடித்தார். சொல்லாமல், சைகை இல்லாமல், இடி விழுந்தது போல. எங்கள் செட்டை நடத்துகிற நாகசுரம் சட்டநாதன் அண்ணன் பதறிப்போய் வாயில் சீவாளியை வைத்தார். நானும் தாளத்தைத் தட்டினேன். கெட்டி மேளம் கேட்டால் சனம் என்ன செய்யும்? மொத்தக் கூட்டமும் அட்சதையை வாரி மேடையில் வீசிவிட்டது. மாப்பிள்ளை கையில் தாலி இல்லை. தாலி அஞ்சாவது வரிசையில் இருக்கிறது. அந்தப் பெரியவர் பயந்துபோய்த் தட்டோடு எழுந்து நின்றுவிட்டார்.

அப்புறம் தட்டை வாங்கி, முறையாகத் தாலி கட்டி, முறையாகக் கெட்டி மேளமும் அடித்தோம். ஆனால் போட அட்சதை இல்லை. கம்பளத்தில் கிடந்ததைப் பொறுக்கிப் போட்டார்கள்.

மாப்பிள்ளையின் அத்தை அகிலாண்டம் அம்மா முன்சீப் கோர்ட்டில் முப்பது வருஷம் பெஞ்சு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தாய் இல்லாத பையனை அவர்தான் வளர்த்தார். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். சாப்பாடு முடிந்து, பெண்ணை அழைத்துப்போகக் கார் வாசலில் வந்து நின்ற நேரத்தில், ஹாலின் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அத்தனை பேரும் மனசாரப் போட்ட அட்சதை விழுந்தப்போ தாலி கழுத்துல இல்ல. கட்டினப்போ விழுந்தது தரையில பொறுக்கினது. அப்போ அந்த ஆசீர்வாதம் யாருக்குப் போச்சு? அதுக்குப் பதில் தெரியாம நான் பொண்ணை அழைச்சுக்கிட்டுப் போக மாட்டேன்."

பெண்ணின் அப்பா தெய்வநாயகம், பெயிண்ட் கடைக்காரர். ஒரே பெண். அவர் முகம் வெளுத்துவிட்டது. "என்னம்மா செய்யணும், சொல்லுங்க" என்றார்.

"ஆவணியில நல்ல நாள் பார்த்து மறுபடி கட்டுவோம். அதுவரைக்கும் பொண்ணு உங்க வீட்டுல இருக்கட்டும்."

கல்யாணம் ஆன அன்றே பெண் அப்பா வீட்டுக்குத் திரும்பினால் ஊர் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியாதா? பெண் பூரணி மாலையோடு, பெட்டியோடு கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை மதிவாணன் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தான். மணி மூணு பத்து. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் கார் கிளம்பினால் உண்டு, இல்லாவிட்டால் ஆவணிதான்.

"மேளக்காரங்களைக் கூப்பிடுங்க" என்றார் அகிலாண்டம் அம்மா.

போனோம். சட்டநாதன் அண்ணன் வழியிலேயே உமாபதி அண்ணனிடம் மெதுவாகச் சொன்னார்: "மன்னிப்புக் கேளு. வேற ஒரு வார்த்தை பேசினா நாளையிலேர்ந்து நம்ம செட்டுல நீ இல்ல." இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. உமாபதி அண்ணனை விட்டால் எனக்கு யாருக்குப் பின்னால் உட்காரத் தெரியும்?

உமாபதி அண்ணன் போய் நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அம்மா, நான் தப்பா அடிக்கல. தடுத்து அடிச்சேன்."

"எதைத் தடுத்து?"

"சண்டையைங்க."

சட்டநாதன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அகிலாண்டம் அம்மா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுத வேறு காகிதம் இல்லாததால் ஒரு தாம்பூலப் பையை மடியில் விரித்துக்கொண்டார். "ம், சொல்லுங்க" என்றார்.

"இந்த ஓட்டல் இருக்கிறது போர்க்களத்து மேலங்க. அஸ்திவாரம் தோண்டினப்போ மண்ணை விட வாள்தான் அதிகமா வந்துச்சு. கம்பி வாங்காமலே கீழ ரெண்டு மாடி கட்டியிருக்காங்க. இங்க தினமும் சண்டைச் சத்தம் கேக்கும். இவரைக் கேளுங்க."

"அப்படியெல்லாம் எதுவும் இல்ல மேடம்" என்றார் மேனேஜர் அவசரமாக.

"பகல்லயா பேய்ச் சத்தம் கேக்கும்?" என்றார் அகிலாண்டம் அம்மா. "ராத்திரியில இல்ல?"

"ராத்திரி வர்றது தனிப் பேய்ங்க. சொந்தபந்தம் இல்லாதது. இது படை. படைக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கில்ல? அந்தக் காலத்துல பொழுது விடிஞ்சு சங்கு ஊதினா சண்டை ஆரம்பம், பொழுது சாஞ்சா நிறுத்தம். செத்தும் அதை மாத்திக்கல. ராத்திரி இங்க மாதிரி நிம்மதியா வேற எங்கயும் தூங்க முடியாது. பகல்லதான் கண்ணசர முடியாது. அதனாலதான் இந்த ஓட்டல்ல காலை ஏழு மணிக்கே ரூமைக் காலி பண்ணச் சொல்றாங்க."

"அது அடுத்த பார்ட்டி வர்றதுக்குச் சுத்தம் பண்ணணும்னு..." என்றார் மேனேஜர்.

"பாத்தீங்களா, ஒத்துக்கிட்டார்."

"ஞாயித்துக்கிழமை லீவு இல்லையா படைக்கு?" என்றார் அகிலாண்டம் அம்மா.

"அந்தக் காலத்துல வார லீவு ஏதும்மா? எனக்கு எப்படித் தெரியும்னா, போன தை மாசம் இங்கேயே ஒரு அறுபதாம் கல்யாணம். நாலாவது மாடியில ரூம் குடுத்தாங்க. மத்தியானம் லிஃப்ட்ல ஏறினேன். உள்ள நான் ஒருத்தன்தான். பாரம் அதிகம்னு மணி அடிக்குது. நான் யோசிச்சேன், சாப்பிட்டது கொஞ்சம் கூடத்தான், ஆனா இவ்வளவு இல்லையேன்னு. திரும்பிப் பார்த்தா யாரும் இல்ல. காதுக்குப் பக்கத்துல 'புஸ்'ஸுன்னு ஒரு மூச்சு. யானைங்க."

"லிஃப்டுக்குள்ள."

"ஆமாங்க. ரெண்டாவது மாடியில இறங்கிடுச்சு."

"லிஃப்டுல சென்சார் போயிருந்துச்சு மேடம், சரி பண்ணியாச்சு" என்றார் மேனேஜர்.

"செத்த யானைக்கு ஏது எடை?" என்றார் அகிலாண்டம் அம்மா, எழுதிக்கொண்டே.

"எடை போயிடுச்சுங்க. ஆனா அது அந்த யானைக்குத் தெரியாதில்ல?"

அகிலாண்டம் அம்மா ஒரு நிமிஷம் பேனாவைப் பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, இந்த அம்மா அண்ணனைப் பேச விட்டுப் பேச விட்டுக் கடைசியில் மொத்தமாகக் கட்டிவைக்கப் போகிறார் என்று. அண்ணனுக்கு அது புரியவில்லை. ஒருவர் எழுதிக்கொள்ளும் அளவுக்கு அவர் பேச்சை இதுவரை யாரும் மதித்ததில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"அன்னையிலேர்ந்து நான் அந்தப் படையைக் காதாலயே அளந்து வெச்சிருக்கேன். நாமதான் லயக்காரன் ஆச்சே. காலாள் சதுஸ்ரத்துல வருவான். தகதிமி, தகதிமி. குதிரை திஸ்ரம். தகிட, தகிட. யானை கண்டம். தக தகிட."

"நடையெல்லாம் எனக்கும் தெரியும். கண்டம்னா அஞ்சு. யானைக்கு நாலு கால்தானே?"

"தும்பிக்கையையும் ஊன்றி நடக்குதுங்க. வயசான யானை."

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்து, அகிலாண்டம் அம்மா திரும்பியதும் இருமலாக மாறியது. மணி மூணு முப்பத்தஞ்சு. தெய்வநாயகம் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அவர் பக்கம் பார்க்கவே இல்லை. எங்களால் வந்த வினை அது.

"இன்னைக்குக் காலைக்கு வாங்க" என்றார் அகிலாண்டம் அம்மா.

"வந்துட்டேங்க. காலைல ஒன்பது இருபது. தாலித் தட்டு சுத்துக்குப் போயிருக்கு. நான் குச்சியைக் கையில வெச்சுக்கிட்டு ஐயரையே பாத்துக்கிட்டிருக்கேன். அப்போ ஜன்னல் பக்கமா சங்கு ஊதுறான். இந்தப் பக்கம் ஒரு படை, காபி வெச்சிருந்தாங்களே அந்தப் பக்கம் ஒரு படை. மணமேடை நட்ட நடுவுல. ரெண்டும் ஓடி வருது. மொத்தம் எட்டாயிரத்துப் பதினாறு பேர்."

"அது என்ன பதினாறு?"

"சமையல்காரங்க. அவங்க சண்டை போடல. சும்மா பாக்க வந்தாங்க."

"சரி."

"மோதிட்டாங்க. ஜன்னல் பக்கத்துச் சிப்பாய் ஒருத்தன். அவன் மேல வேல் பாயுது. அவன் மூச்சை இழுக்கிறான். அந்த மூச்சு எனக்குக் கேட்டுதும்மா. எதுக்கு இழுக்கிறான்? 'ஐயோ'ன்னு கத்துறதுக்கு! மேடையில பொண்ணு உக்காந்திருக்கு. தாலித் தட்டு சபையில இருக்கு. இந்த நேரத்துல 'ஐயோ'ன்னு ஒரு சொல் காதுல விழலாமா? நீங்களே சொல்லுங்க, பெரியவங்க கெட்டி மேளத்தை எதுக்கு வெச்சாங்க? யாராவது தும்மினா, யாராவது அழுதா, எவனாவது வாய் தவறிக் கெட்ட வார்த்தை சொன்னா, அது கேக்கக் கூடாதுன்னுதானே? ஒரு தும்மலுக்கே அடிக்கிறோம். எட்டாயிரம் பேர் சாகுறான், அடிக்க வேணாமா?"

இந்த இடத்தில் உண்மையாகவே இரண்டு மூன்று பேர் தலையை ஆட்டிவிட்டார்கள். அண்ணன் சொன்னதில் அந்த ஒரு விஷயம் சாஸ்திரப்படி சரி.

"அதுக்கு ஐயர் கையைக் காட்டணும்" என்றார் அகிலாண்டம் அம்மா.

"ஐயருக்கு அந்தக் காது கிடையாதுங்க. அவன் 'ஐ'ன்னான். நான் அடிச்சேன். 'யோ' வரவே இல்ல."

"அந்த 'யோ' எங்க போச்சு?"

"தொண்டையிலேயே நின்னுடுச்சு. எத்தனையோ வருஷமா தினமும் கத்துறவன், இன்னைக்குத்தான் வாயை மூடினான். அவனுக்கே ஆச்சரியம். கழுத்தைத் தடவிப் பாத்துக்கிட்டான்."

"வேற யாருக்குக் கேட்டுச்சு இது?"

அண்ணன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இதோ, குஞ்சிதம். என் பின்னாடியே உக்காந்திருந்தான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த நேரத்தில் பூமி பிளந்து உள்ளே போனாலும் பரவாயில்லை என்று இருந்தது. உண்மையைச் சொன்னால் அண்ணன் போச்சு. பொய் சொன்னால் பெஞ்சு கிளார்க் முன்னால் பொய்ச் சாட்சி. "நான் தாளம் போட்டுக்கிட்டிருந்தேங்க. அந்தச் சத்தத்துல எனக்கு என் வீட்டுக்காரி கூப்பிட்டாக்கூடக் கேக்காது" என்றேன். அது சத்தியமான வார்த்தை.

"சாட்சி நழுவுறார்" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

"அவன் அப்படித்தாங்க, கூச்ச சுபாவம்" என்றார் அண்ணன். "அடிச்சேனா? அடிச்ச அடியில மொத்தச் சண்டையும் நின்னுடுச்சு. ஓங்கின வாள் ஓங்கினபடி நிக்குது. பாய்ஞ்ச குதிரை அந்தரத்துல நிக்குது. பீரங்கியிலேர்ந்து கிளம்பின குண்டு, அதோ, அந்தத் தொங்கு விளக்குக்குப் பக்கத்துல அப்படியே நின்னுபோச்சு. அதுக்கு நேர் கீழதான் மாப்பிள்ளையோட பெரியப்பா உக்காந்திருந்தார்."

மேனேஜர் விளக்கைப் பார்த்தார். தெய்வநாயகம் பார்த்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா நாற்காலியை ஒரு முழம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். நானும் அண்ணாந்து பார்த்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"ரெண்டு தளபதியும் குதிரையை விட்டு இறங்கி வந்தாங்க. நம்ம பக்கத்துத் தளபதி சொல்றான், 'இத்தனை வருஷமா போர் முரசுதான் கேட்டிருக்கோம். அது வெட்டு வெட்டுன்னு சொல்லும். இது வாழு வாழுன்னு சொல்லுதே, என்ன வாத்தியம் இது?' எதிராளித் தளபதிக்குக் கண்ணுல தண்ணி. 'இன்னொரு தடவை'ங்கிறான்."

"எதிராளி என்ன பாஷை பேசினார்?"

"பாஷை புரியலைங்க. ஆனா இன்னொரு தடவைங்கிறதுக்கு எல்லா ஊர்லயும் விரலை இப்படித்தான் காட்டுவாங்க. ரசிகன் கேக்கிறான், மாட்டேன்னு சொல்ல முடியுமா? அதான் மூணு நிமிஷம் அடிச்சேன், சட்டநாதன் அண்ணன் என் காலை மிதிக்கிற வரைக்கும். சமாதானம் ஆயிட்டாங்க. இனிமே இந்த ஓட்டல்ல ஒரு சத்தம் வராது. வேணும்னா எல்லாரும் பேசாம இருங்க. கேளுங்க."

கேட்டோம். ஹால் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஏ.சி. ஓடுகிற சத்தம்கூட அப்போதுதான் எனக்குக் கேட்டது. அந்த நேரம் பார்த்து மேலே எங்கேயோ 'டமால்' என்று ஒரு சத்தம்.

"மொட்டை மாடியில தண்ணித் தொட்டி மூடி" என்றார் மேனேஜர்.

"ஆயுதத்தைக் கீழ வைக்கிறாங்க" என்றார் அண்ணன்.

மணி நாலு. அகிலாண்டம் அம்மா தாம்பூலப் பையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஒரு பக்கம் நிரம்பிவிட்டது போலிருக்கிறது. "நீங்க சொன்னது எல்லாத்தையும் அப்படியே ஏத்துக்கிறேன்" என்றார். எனக்குப் பகீரென்றது. "யானை லிஃப்ட்ல வந்தது, அஞ்சு கால்ல நடந்தது, எல்லாம் சரி. நான் ஆரம்பத்துல கேட்டதுக்கு மட்டும் பதில் வரல. அந்த அட்சதை, அந்த ஆசீர்வாதம், யாருக்குப் போச்சு?"

அண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வாய் அப்படி வெறுமனே மூடி நான் பார்த்ததில்லை. பூரணியைப் பார்த்தார். அந்தப் பெண் மடியில் கை வைத்து, வளையல்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளிக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குப் பெண் குழந்தை கிடையாது. ஆனாலும் அந்தக் காட்சி அவரை என்னவோ செய்திருக்க வேண்டும். குரல் இறங்கிவிட்டது.

"அந்த வேல் பட்ட சிப்பாய் இருந்தானே, அவன் கையில மஞ்சள் காப்பு கட்டியிருந்துதும்மா. கல்யாணத்துக்குக் காப்புக் கட்டின அன்னைக்குப் படைக்கு ஆள் வேணும்னு இழுத்துக்கிட்டு வந்துட்டாங்க. பொண்ணு ஊர்ல பந்தல்ல உக்காந்திருக்கு. இவன் இங்க விழுந்துட்டான். காப்பை அவிழ்க்கிறதுக்கு யாரும் இல்ல. அத்தனை வருஷமும் அந்தக் காப்போடதான் தினம் செத்துக்கிட்டிருந்தான். இன்னைக்கு நான் அடிச்சப்போ, நீங்க எல்லாரும் போட்டீங்களே அட்சதை, அதுல ஒரு பிடி அவன் தலையிலயும் விழுந்துச்சு. காப்பு அவிழ்ந்து தானாக் கீழ விழுந்துச்சு. போயிட்டான்."

சமையல்கட்டுப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நானும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பொய் என்று தெரிந்தும் துடைத்துக்கொண்டேன். அகிலாண்டம் அம்மாவின் பேனா நின்றுவிட்டது. இந்த இடத்தில் அண்ணன் நிறுத்தியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். சட்டநாதன் அண்ணன் அவர் காலை மிதிக்கத் தன் காலைத் தூக்கினார். எட்டவில்லை.

"உங்க பையனுக்கும் குறை இல்லம்மா!" என்று மறுபடி குரல் ஏறிவிட்டது அண்ணனுக்கு. "மிச்சம் இருந்த எட்டாயிரம் பேரும் குனிஞ்சு, கீழ கிடந்த அரிசியைப் பொறுக்கி, பொண்ணு மாப்பிள்ளை தலையில போட்டாங்க! இந்த ஜில்லாவுல எந்தப் பொண்ணுக்கு எட்டாயிரம் பேர் அட்சதை போட்டிருக்காங்க, சொல்லுங்க?"

அகிலாண்டம் அம்மா பேனாவை மூடினார்.

"செத்தவங்க தொட்ட அரிசி. அதுக்குப் பேரு அட்சதையா, வாய்க்கரிசியா?"

அவ்வளவுதான். ஹாலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பெரியப்பா எழுந்துவிட்டார். தெய்வநாயகம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். காலையில் நேரம் தவறி அடித்த மேளம் என்று மட்டும் இருந்ததை, அண்ணன் ஒரு மணி நேரம் பேசிப் பேசி, எட்டாயிரம் பேய் வந்து நடத்திவைத்த கல்யாணமாக ஆக்கிவிட்டார். அண்ணன் முகத்தில் இரத்தமே இல்லை. "அம்மா, அது... அவங்க நல்ல மாதிரி..." என்றார். யாரும் கேட்கவில்லை.

"ஆவணிக்கு வாய்தா" என்று சொல்லி அகிலாண்டம் அம்மா எழுந்தார். மணி நாலு பதினஞ்சு.

"அத்தை, நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

பூரணி. காலையிலிருந்து அந்தப் பெண்ணின் குரலை நாங்கள் யாரும் கேட்கவில்லை. மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அவர் தூங்கிக்கிட்டிருந்தார் அத்தை."

"யாரு?"

"தவில் வாசிச்ச மாமா. எனக்கு நேர் எதிர்லதான் உக்காந்திருந்தார். கண்ணு மூடியிருந்துச்சு. தலை இப்படிச் சாஞ்சு சாஞ்சு வந்துச்சு. வாய் வேற திறந்திருந்துச்சு. நிச்சயம் ஆனதுலேர்ந்து நாங்க போன்ல பேசிக்கிட்டதெல்லாம் சாப்பிட்டாச்சா, தூங்கியாச்சாதான். அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் பேச வரல. மேடையில நான்தான் முதல்ல இவர்கிட்ட சொன்னேன், 'அவர் இப்போ விழுந்துடப் போறார் பாருங்க'ன்னு. இவர் சொன்னார், 'விழ மாட்டார், தவில் முட்டுக் குடுத்திருக்கு'ன்னு. நான் சிரிச்சுட்டேன். அடக்க முடியல. இவரும் சிரிச்சுட்டார். அப்போ வீடியோக்காரர் யாரையோ தள்ளிக்கச் சொல்லிக் கையைத் தூக்கினார். மாமா முழிச்சு, கையைப் பார்த்துட்டு, அடிச்சுட்டார்."

அகிலாண்டம் அம்மா அசையாமல் நின்று கேட்டார்.

"அரிசி விழுந்தப்போ நாங்க ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டிருந்தோம். ரெண்டாவது தடவை போட்டப்போ எல்லாரும் பயந்துபோய் இருந்தீங்க. எனக்கும் பயமா இருந்துச்சு. ஆசீர்வாதம் யாருக்குப் போச்சுன்னு கேட்டீங்களே, முதல்ல விழுந்துச்சே, அதுதான் அத்தை எங்களுக்கு வந்தது. எனக்குத் தெரியும். வேணும்னா வீடியோவைப் போட்டுப் பாருங்க, சிரிச்சுக்கிட்டிருப்போம்."

"ஆமா அத்தை" என்றான் மதிவாணன். இன்னும் தரையைத்தான் பார்த்தான், ஆனால் உதடு அடங்கவில்லை. "கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சோம்."

அகிலாண்டம் அம்மா தான் வளர்த்த பையனை ரொம்ப நேரம் பார்த்தார். அவன் சிரித்துப் பார்ப்பது அவருக்கும் புதுசோ என்னவோ. பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"இதை மூணு மணிக்கே சொல்றதுக்கு என்ன?"

"மாமா சொன்ன கதை நல்லா இருந்துச்சு" என்றாள் பூரணி.

அகிலாண்டம் அம்மா தாம்பூலப் பையை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "ஏறு வண்டியில" என்றார். அப்புறம் என்ன, பெட்டியைத் தூக்கு, குத்துவிளக்கைத் தூக்கு, ஆரத்தி எங்கே என்று ஒரே ஓட்டம். நாலு இருபத்தேழுக்குக் கார் கேட்டைத் தாண்டியது. தெய்வநாயகம் கேட்டைப் பிடித்துக்கொண்டு, மறைக்கவும் தோன்றாமல் அழுதார். எங்களிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அந்த மனிதருக்கு நான் மனசுக்குள் கும்பிடு போட்டுக்கொண்டேன்.

மேளத்தை உறையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தோம். சட்டநாதன் அண்ணன் நாகசுரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு ஒவ்வொரு நிமிஷமும் ஒரு மணி நேரமாகப் போனது. உமாபதி அண்ணன் வாசிக்கும்போது விரலில் மாட்டும் கூடுகளை ஒவ்வொன்றாக எண்ணித் துணியில் முடிந்துகொண்டிருந்தார். கடைசியில் சட்டநாதன் அண்ணன் சொன்னார்:

"ஆடி மாசம் பூரா நல்லாத் தூங்கு உமாபதி. ஆவணியில முழிச்சுக்கிட்டு வா."

சொல்லிவிட்டு வேனைப் பார்க்கப் போய்விட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உமாபதி அண்ணன் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தார். கார் போன திசையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கண் கலங்கியிருந்தது.

"தங்கமான பொண்ணு குஞ்சிதம்" என்றார். "அத்தை பயந்துடக் கூடாதேன்னு, அத்தனை பேர் முன்னாடி எப்படி ஒரு பொய்யைச் சொல்லிடுச்சு, பாத்தியா!"